ஈர மேசையில் எஃப்ரன் ரெயஸின் கணக்கு

அன்புத் தம்பிக்கு,

பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரெயஸின் வித்தை அடிகளை போனில் பார்த்துவிட்டு அப்படியே அடித்துப் பழகுகிறாய். அதை விடு. அவர் ஆட்டத்தில் பார்க்க வேண்டியது, அடிக்க வேண்டிய பந்து வேறு பந்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும்போது, வெள்ளைப் பந்தைக் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) முட்டவைத்து அதை எப்படித் தொடுகிறார் என்பதைத்தான்.

சின்ன வயதில் மணிலாவில் உறவினரின் பூல் கடையில் வளர்ந்தவர் அவர். அங்கே பிரபலமான ஆட்டம் ரொட்டேஷன். 15 பந்து, பந்தின் எண்ணே அதன் புள்ளி, மொத்தம் 120 புள்ளி, 61 எடுத்தவன் வென்றான். இருப்பதில் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். அதுவோ எப்போதும் வேறு பந்துக்குப் பின்னால்தான் கிடக்கும். இதோடு பொக்கெட்டே (பந்து விழும் குழியே) இல்லாத கேரம் பில்லியர்ட்ஸும் ஆடினார் (நம்ம கேரம் போர்ட் இல்லை). குஷன் கணக்கு அங்கிருந்துதான் வந்தது. 1994இல் யூ.எஸ். ஓப்பன் நைன்-பால் பூல் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். அடுத்த வருடம் அமெரிக்காவின் ரேனோவில் ஆட்டம் 12-12 என்று நிற்கையில் எதிராளி ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் பந்தை மறைத்துவிட, வெள்ளையை இரண்டு குஷனில் முட்டவைத்து அதையே விழுத்தினார். 1999இல் கார்டிஃபில் பூல் உலகச் சம்பியன். அப்போது வயது 44.

இனி, மூன்று குஷனில் முட்டவைக்கும் கணக்கு. வெள்ளை இருக்கும் மூலை 50. எதிரே உள்ள நீளப் பக்கத்தில், தூர மூலையை 0 என்று வைத்து, மேசைச் சட்டத்தில் பதித்த ஒவ்வொரு டயமண்ட் புள்ளிக்கும் பத்துப் பத்தாகக் கூட்டு. உன் பக்கத்து நீளக் குஷனையும் அதே மாதிரி தூர மூலையிலிருந்து எண்ணு. 30ஐப் பார்த்து அடித்தால், 50இல் 30 போக, மூன்றாவது குஷனில், அதாவது உன் பக்கத்து நீளக் குஷனில், 20இல் முட்டும். பந்து திரும்பப்போகிற பக்கமாகச் சைட் (பக்கச் சுழற்சி) வை, நடுத்தர வேகம் போதும். ஓங்கி அடித்தால் குஷன் அமுங்கி, பந்து நெருக்கிக்கொண்டு திரும்பும். இன்னொரு பிழை: ஒரு தடவை புள்ளியையும் மறு தடவை குஷன் விளிம்பையும் குறி பார்ப்பது. இரண்டையும் கலக்காதே.

ஆனால் நம்ம மலையகத்தில், ஹட்டனிலும் நுவரெலியாவிலும், இந்தக் கணக்கு அப்படியே வராது. ஆனி, ஆடி மழையில் மேசைத் துணி ஈரம் குடித்துவிடும். பந்து சீக்கிரம் களைத்துப்போகும், திரும்பும் கோணமும் மாறும். கேரம் பில்லியர்ட்ஸ் மேசைகளில் துணிக்குக் கீழே உள்ள கல்லுக்கு அடியில் சூடு வைப்பதே இதற்காகத்தான். நம்மிடம் அது இல்லை. அதனால் ஆட்டத்துக்கு முன் அந்த 50-30 அடியை மூன்று தரம் அடி. 20க்குப் பதில் 25இல் முட்டினால், அன்று முழுக்க எங்கே முட்ட வேண்டுமோ அந்த எண்ணில் 5 குறைத்துக் கணக்குப் போடு. 15இல் முட்டினால் 5 கூட்டு.

கியூவை (அடிக்கும் தடியை) சுவரில் சாத்தாதே, வளைந்துவிடும். மேசையில் உருட்டிப் பார், நுனி துள்ளினால் வளைந்திருக்கிறது. சோக் ஈரமானால் கியூ நுனியில் உள்ள டிப்பில் பிடிக்காது, வெள்ளை வழுக்கிவிடும். புதுக்கட்டி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வை. கியூத்தடி கையில் ஒட்டினால் உலர்ந்த துணியால் அழுத்தித் துடை. பவுடரைக் கொட்டாதே, அது மேசைத் துணியில் போய்க் குந்திக்கொள்ளும்.