ரைகரின் நத்தார்ச் சாப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.
டிசம்பர் 12

அன்பின் ராசன்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மாரி மழைதான் விடுகிறதாயில்லை. குஞ்சம்மா மாமிக்கு முழங்கால் பரவாயில்லை. வழக்கம்போல ஏசிக்கொண்டே உன்னை விசாரிக்கிறா.

நீ எழுதின ஒரு வரி நெஞ்சுக்குள் கிடந்து குடைகிறது. "நத்தாருக்கு இருபது பேர் வருகினம், ரைகருக்கும் அன்று பெருவிருந்துதான்." மச்சான், உன் நாய்க்கான அந்தப் பெருவிருந்தை நிற்பாட்டச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் கேக். ரவையும் கஜுவும் அல்ல, உள்ளே கிடக்கிற முந்திரிகை வத்தல், சுல்தானா என்கிற உலர்ந்த திராட்சைகள்தான் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறவை. இவ்வளவுக்குள் என்றால் பயமில்லை என்று அளவு சொல்ல ஏலாது. ஒரு நாய் ஒரு பிடி தின்றுவிட்டு ஓடித்திரியும், இன்னொன்று கொஞ்சத்தோடேயே விழுந்துவிடும். டார்டாரிக் அமிலம்தான் காரணமாயிருக்கும் என்று 2021 அளவில் அமெரிக்க மிருக வைத்தியர்கள் எழுதினார்கள். அதே அமிலம் எங்கள் பழப்புளியிலும் தாராளம்; புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் உண்டு. ஆனபடியால் புளி விட்ட மீன்குழம்பில் பிசைந்த சோறும் வேண்டாம். கடதாசியில் சுற்றின கேக் துண்டுகளைத் தட்டோடு சின்ன மேசையில் வைப்பீர்கள், அது ரைகரின் மூக்குக்கு நேரே. அலுமாரிக்குள் வை.

தப்பித்தவறித் தின்றுவிட்டால் சத்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோனால் மிருக வைத்தியர் ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைப்பார், பிறகு சேலைன் ஏற்றுவார். அன்று துள்ளித் திரிகிற நாய்க்கே ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் குறையத் தொடங்கும். ஒருவரையும் உப்புத்தண்ணி பருக்க விடாதே. இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும், வத்தல் கொல்லாததை உப்பு கொன்றுவிடும்.

வெங்காயமும் உள்ளியும் அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. சிவப்பணுக்களை உடைக்கும். 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே போதும், இறைச்சிக்கறியின் தடித்த குழம்பில் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். பல்முரசு வெளிறுவதும் சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போவதும் சில நாள் கழித்துத்தான். அதற்குள் நத்தார்ச் சாப்பாட்டை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

எலும்பைப் பற்றி உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்தாயிற்று! சமைத்த கோழியெலும்பு காய்ந்து ஊசி ஊசியாய்ப் பிளக்கும், குடலைக் குத்தும். ஆட்டெலும்பு பல்லை உடைக்கும். கோழித்தோலும் ஆட்டுக்கொழுப்பும் கணையத்தை வீங்க வைக்கும். முன்னங்காலை நிலத்தில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு நின்றால் வயிற்றுநோ என்று எடுத்துக்கொள், உடனே வைத்தியரிடம் போ.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால் இப்படிச் செய். கோழி வெட்டும்போதே, உப்பு, தூள், வெங்காயம் எதுவும் படமுதல், நெஞ்சிறைச்சியில் ஒரு துண்டை எடுத்துத் தோலை உரித்து வெறுந்தண்ணியில் அவி. 10 கிலோ நாய்க்கு மேலதிகமாய் 30, 35 கிராம், ஒரு தீப்பெட்டியளவு, போதும். அவித்த பூசணி, கரட் கொஞ்சம் சேர்க்கலாம். விருந்தாளிகள் இருக்கமுதல் ரைகருக்கு வழக்கமான சோற்றைக் கொடுத்துப் பின்னறைக்குள் விடு. மழைக்கு முற்றத்தில் விடவும் முடியாது, வெடிச் சத்தத்துக்கும் அதுதான் நல்லது. மேசைக்குக் கீழே நின்றால் இருபது கையும் ஆளுக்கொரு துண்டு போடும், யார் என்ன போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. உன் பெறாமக்களுக்கு முதலே சொல்லிவை. எலும்புகளை மூடி போட்ட வாளிக்குள் போட்டு மேலே கல்லொன்று வை, இல்லாவிட்டால் காகம் இழுத்து முற்றத்தில் போடும்.

சொக்லேற்றும் கூடாது, கறுப்பாக ஆகக் கெடுதி. சீனியில்லாத சுவிங்கத்தில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கும், சிறிதே போதும், இரத்தத்தில் சீனி குறைந்து நாய் மயங்கிவிடும்.

நத்தாரன்று எந்த மிருக வைத்தியர் ஊரில் நிற்கிறார் என்று இப்பவே விசாரித்து இலக்கத்தைக் குசினிச் சுவரில் ஒட்டு. தராசில் நீ தனியேயும் ரைகரைத் தூக்கிக்கொண்டும் ஏறிக் கழித்துப்பார், நிறை தெரியாமல் வைத்தியர் மருந்தின் அளவு சொல்ல ஏலாது. நிறையை எனக்கும் எழுதி அனுப்பு. மாமி கேட்ட பலாக்கொட்டையை மறந்துவிடாதே.

அன்புடன்,
சிவம்