'ரப்பர்' என்று எழுதாமல் விட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி மாணவர்களின் கண்டுபிடிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது, படமும் வருகிறது, சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை ஆக்கவுரிமைக்கு, அதாவது பேட்டன்ட்டுக்கு, விண்ணப்பித்திருந்தால் உரிமைகோரலில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில், என்ன வசனம் எழுதியது என்று ஒருநாளும் போடுவதில்லை. விஷயம் முழுக்க அதில்தான் கிடக்கிறது.

என் அக்காவின் மகன் வெள்ளவத்தை வீட்டிலேயே மோட்டாரில் சுற்றும் திருவலை ஒன்று செய்தான். தேங்காய்ப் பாதி வழுக்காமல் ஒரு ரப்பர் கிண்ணம் கவ்விப் பிடிக்கும், அதுதான் புதுமை. நாங்களோ அகலமாகக் கேட்டால் அகலமாகக் கிடைக்கும் என்ற பேராசையில் 'தேங்காயைப் பிடிக்கும் உறுப்பு' என்று எழுதிவிட்டோம். பழைய வெளிநாட்டு ஆவணம் ஒன்றில் இரும்புக் கவ்வி இருந்தது. அதுவும் தேங்காயைப் பிடிக்கிற உறுப்புத்தானே, எங்கள் கோரலில் புதுமை இல்லை என்றாகிவிட்டது! கருவியை விவரித்து விண்ணப்பத்தோடு கொடுக்கும் விளக்கவுரையில் ரப்பரைப் பற்றி ஒரு பக்கமே எழுதியிருக்கிறோம் என்றால், கோரலில் இல்லையே என்பதுதான் பதில். இங்கே யாரும் அதைக் கண்டதில்லை என்றும் சொல்ல முடியாது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உலகில் எங்கே முன்பு வெளியாகியிருந்தாலும் கணக்கில் எடுக்கும்.

அப்புறம்தான் வெளிநாட்டு மேன்முறையீடுகளைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் மறுத்த விண்ணப்பம் மேன்முறையீட்டுக்குப் போனால், சொல்லுக்கு நியாயமாகக் கொள்ளக்கூடிய மிகப் பரந்த பொருளைத்தான் எடுக்கிறார்கள். வசனத்தைத் திருத்த விண்ணப்பதாரருக்கு வாய்ப்பு இருக்கிறது, ஆகவே அகலத்தின் ஆபத்தும் அவர் தலையில். கொடுத்து முடிந்த பேட்டன்ட்டை அந்த அலுவலகத்தின் மேன்முறையீட்டுச் சபையில் எதிர்த்து வரும் வழக்குகளில் மட்டும் 2018 நவம்பரிலிருந்து நீதிமன்றங்கள் எடுக்கும் சாதாரணப் பொருளுக்கு மாறிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். சூடாக்கிப் புகைக்கும் பொருள் ஒன்றின் கோரலில் புகையிலைத் தாளை 'ஒன்றுசேர்த்த தாள்' என்று எழுதியிருந்தார்கள். துறைசார்ந்தவருக்கு அது மடித்துக் குவித்த தாள், ஆனால் விளக்கவுரை அதற்கு இன்னும் பரந்த பொருள் கொடுத்திருந்தது. அந்தப் பொருளை எடுத்தால் பழைய ஆவணத்திலிருந்த சுருட்டிய தாளும் உள்ளே வந்துவிடும், புதுமை போச்சு. கோரல்தான் அடிப்படை, ஆனாலும் விளக்கவுரையையும் படங்களையும் எப்போதும் பார்க்க வேண்டும் என்று 2025 ஜூனில் ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேன்முறையீட்டுச் சபை தீர்ப்புச் சொன்னது. எங்களைக் காப்பாற்றாத விளக்கவுரை அங்கே எழுதினவரையே மாட்டிவிடப் பார்த்தது, பாருங்கள்.

மருமகன் இப்போது 'ரப்பர் கிண்ணம்' என்று சேர்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறான். விளக்கவுரையில் முதலே இருந்ததால் அதற்கு வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரு பிள்ளையின் படத்தைப் போடும்போது கோரலின் முதல் வசனத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழும்பு-6.