அமெரிக்கத் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வார விடுமுறையையும் விட்டுக்கொடுத்து எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறீர்கள். அந்த நன்றியோடு ஒரு கோரிக்கை: வரும் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தில், கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பற்றி ஒரு பாடம் நடத்துங்கள்.

மார்ட்டின் லூதர் கிங்கைப் பிள்ளைகளுக்குத் தெரியும். காந்தியை மதித்தவர் என்பதால் நமக்கும் அவர்மேல் பிரியம். ஆனால் கறுப்பின மக்களின் சிந்தனையும் போராட்டமும் கிங்குக்கு மிக முந்தியவை. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது 1893-ல். அதற்குக் கிட்டத்தட்ட பத்து வருஷம் முன்பே டென்னசியில், டிக்கெட் இருந்தும் ஐடாவைப் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டு 1884-ல் 500 டாலர் இழப்பீடு வென்றார். 1887-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

அடிமையாகப் பிறந்தவர். 16 வயதில் பெற்றோரை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ஆசிரியை வேலை பார்த்துத் தம்பி தங்கைகளை வளர்த்தவர். 1892-ல் மெம்பிஸில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்களுடைய மளிகைக் கடை பக்கத்து வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்தது. பகை அங்கே தொடங்கியது. வெள்ளைப் பெண்களைக் கெடுப்பதால்தான் கறுப்பின ஆண்களைக் கொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஐடா அந்தப் பேச்சோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை வெளியிட்ட கும்பல் கொலைக் கணக்கையே எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கொல்லப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மேல்தான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது! மெம்பிஸில் அவர் பத்திரிகை அலுவலகத்தை உடைத்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் கொல்வோம் என்றார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கும்பல் கொலையை நாடு முழுவதற்குமான குற்றமாக்கும் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 2022-ல்.

தமிழ்ப் பள்ளிக்கு இது எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். 1946-ல் வந்த சட்டப்படி வருஷத்துக்கு சுமார் 100 இந்தியர்தான் இங்கே குடியேற முடிந்தது. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி நாட்டின் மனசாட்சியை உலுக்கிய காலத்தில்தான், 1965-ல், அந்த ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. நம்மில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். அப்படியிருந்தும் "அவங்களோட சேராதே" என்ற பேச்சை நம் வீடுகளிலேயே பிள்ளைகள் கேட்கிறார்கள். அது என்னை மிகவும் வருத்துகிறது.

சின்ன வகுப்புகளுக்கு ரயில் வழக்கு மட்டும் போதும். மெம்பிஸ் கொலைகளைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இரண்டு பாடங்களையும் எளிய தமிழில் எழுதித்தர நான் தயார். சரி என்றால் ஜனவரிக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்