கல்லிடைக்குறிச்சியிலிருந்து கணேசனுக்கு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மழையும் கரண்ட் போனதும் போக, வயலுக்கு ஆள் தேடி அலைந்ததில் நான்கு நாள் ஓடிவிட்டது. பிசானத்துக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. மதினிக்கு முட்டுவலி தேவலையா? நம் வைத்தியர் கொடுத்த தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அணுத்துகள்களை வேகமூட்டி ஓட்டுகிற துகள் முடுக்கிக்கு, மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுகிற மீக்கடத்திக் காந்தம் செய்கிற இடத்தில் வேலை என்று வாசித்ததும் எழுந்து போய் இவளிடம் சத்தமாகச் சொன்னேன். ஆனால், "டிசைனில் போடாமல் அட்டவணை போடுகிற பிரிவில் போட்டுவிட்டார்களே" என்று அவள் முகம் வாடியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது. அவளையும் வாசிக்கச் சொல்.

ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முடுக்கிக்காக நான் சோதனை வேலைக்குப் போயிருந்த அந்த ஒரு வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்று. புரோட்டான்களை அந்த வட்டத்தில் வளைத்துக் கொண்டுபோக மட்டும் 1232 இருமுனைக் காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. 1.9 கெல்வின், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ ஹீலியத்துக்குள் இருந்தபடி, கிட்டத்தட்ட 12,000 ஆம்பியர் மின்சாரம் தாங்க வேண்டும். வட்டத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் 154 இருமுனைக் காந்தங்கள், அத்தனைக்கும் ஒரே மின்சாரம்தான் வரிசையாக ஓடும். ஒரு காந்தம் கொஞ்சம் மட்டமாக இருக்கிறதே, அதற்கு மட்டும் கூட்டி விடுவோம் என்றால் முடியாது. 1232-ம் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். மிச்சமிருக்கும் சின்னப் பிசகுகளைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொன்றின் முனையிலும் திருத்தக் காந்தங்கள். அவற்றில் ஆயிரத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து போனவை. அந்த வேலைக்காகத்தான் நான் இந்தூரில் கிடந்தேன்.

ஒரு காந்தத்தை ஒரு நல்ல குழு செய்துவிடும், கணேசா. நிபுணர் பக்கத்திலேயே நிற்பார், தப்பு வந்தால் பிரித்துச் சுற்றுவார்கள். ஆயிரம் என்றால் அவர் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. அவருக்குப் பதிலாக அங்கே நிற்பது உன் மகள் போடுகிற திட்டம்.

என் மேஜை டிராயரில் ஒரு கம்பித் துண்டு இருக்கிறது, விரல் நீளம். பார்த்தால் சாதாரணச் செம்புக் கம்பி, ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதன் நுனியை நைட்ரிக் அமிலத்தில் விட்டு வைத்தோம். செம்பு கரைந்து போனது. உள்ளிருந்து நயோபியம் டைட்டானிய இழைகள் ஆயிரக்கணக்கில் பூனைமுடி மாதிரி விரிந்து நின்றன. ஒவ்வொரு இழையும் 7 மைக்ரான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இப்படிக் கம்பிகள் 28 அல்லது 36 சேர்ந்து பட்டையான ஒரு கேபிள். அந்தக் கேபிளைச் சுற்றினால்தான் காயில். போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் பாய் சொல்லப் பத்தமடை போயிருந்தேன். அந்த அம்மா ஆற்றில் ஊறிய கோரையைக் கீறி, ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்து, தடித்ததைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இங்கேயே எடுத்துப்போடணும் ஐயா, தறியில ஏறிட்டா பாயே போச்சு" என்றார். நான் அங்கே ரொம்ப நேரம் நின்றேன்.

ஏனென்றால் அந்தத் தடித்த கோரை என் வாழ்க்கையில் ஒரு தடவை தறியில் ஏறிவிட்டது. கேபிள் மேல் சுற்றுகிற காப்பு டேப் தீர்ந்துபோக, அவசரத்துக்கு வேறு ஒரு கம்பெனியிடம் வாங்கினோம். சான்றிதழில் எல்லாம் சரி. ஆனால் டேப் இம்மியளவு தடிப்பு. ஒரு சுற்றில் அது தெரியவே தெரியாது. பல சுற்று ஏறி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போதுதான் காயில் அளவுக்கு அடங்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் சுற்றி முடித்தவை வரிசையாக ரேக்கில் இருந்தன. அவ்வளவையும் ஒதுக்கி வைத்தோம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. புது டேப்பில் ஒரே ஒரு காயிலைச் சுற்றி அழுத்திப் பார்த்த பிறகுதான் மற்றது சுற்ற வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

மின்சாரம் ஓடும்போது காயிலை வெளியே தள்ளுகிற விசை அந்தப் பெரிய காந்தங்களில் மீட்டருக்கு 400 டன். கம்பி இம்மி அசைந்தாலும் அந்த இடம் சூடேறி மீக்கடத்தும் தன்மை போய்விடும். குவென்ச் என்பார்கள். அதனால்தான் எஃகுக் காலர்களைப் பூட்டி அத்தனை இறுக்கமாகப் பிடிக்கிறார்கள்.

அவள் மனதில் வைக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அங்கே காந்தங்களைச் செய்தது மூன்று தொழிற்சாலைகள். ஆனால் கேபிளையும் காலருக்கான எஃகையும் செர்ன் நிறுவனமே வாங்கி மூவருக்கும் கொடுத்தது. சரக்கு ஒன்றாக இருந்தால்தானே காந்தப்புலமும் ஒன்றாக இருக்கும்! அப்புறம், காலர் பூட்டியவுடனேயே, குளிர வைப்பதற்கு முன்பே, சாதாரண அறையில் சிறு மின்சாரம் விட்டுக் காந்தப்புலத்தை அளந்தார்கள். புலத்தில் ஏதாவது கோணல் தெரிந்தால், உள்ளே ஒரு தகடு இரண்டாகப் போய்விட்டதா, ஏதாவது இடம் மாறிவிட்டதா என்று பிரிக்காமலேயே கண்டுபிடிக்க முடிந்தது. அந்தக் கட்டத்தில் காலரைக் கழற்றலாம். இரும்பு பூட்டி, வெல்டிங் அடித்து, பெட்டிக்குள் போட்டு, ஹீலியம் ஏற்றிய பிறகு தெரிந்தால் மாதக்கணக்கு. எந்தச் சோதனையை எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை, கணேசா. அது அட்டவணை போடுகிற வேலை இல்லை.

காத்திருப்பதற்கும் இடம் விட வேண்டும். சுரங்கத்தில் ஹீலியம் குழாய் பதிப்பது தாமதமானதால் நூற்றுக்கணக்கான காந்தங்கள் திறந்தவெளியில் வரிசையாகக் கிடந்தன. கையில் அத்தனை இருந்ததால், எதன் பக்கத்தில் எதை வைத்தால் பிசகு ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று பார்த்துப் பொறுக்க முடிந்தது. பிறகு ஒரே குழி வழியாகத்தான் அத்தனையும் கீழே இறங்கின. கடைசி இருமுனைக் காந்தம் இறங்கியது 2007 ஏப்ரலில்.

2008 செப்டம்பர் 19 அன்று அதே முடுக்கியில் நடந்த விபத்து பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கும். காந்தங்கள் எல்லாம் சோதனை மேடையில் தேறியவை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே, சுரங்கத்துக்குள் பற்றவைத்த ஓர் இணைப்புதான் போனது. ஹீலியம் பீறிட்டு, 53 காந்தங்களை மேலே எடுக்க வேண்டியதாயிற்று, ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நின்றது. செய்தி வந்த அன்று நான் இங்கே ஆற்றங்கரையில் உட்கார்ந்து, என் கையால் அளந்த காந்தங்களின் எண்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் நேரே இங்கே இறங்கலாம். அந்தக் கம்பித் துண்டை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன். மதினியிடம் அப்பளம் எத்தனை கட்டு வேண்டும் என்று கேட்டு எழுது.

உன்,
சுப்பையா