கோடை முகாமும் வெள்ளைக் கோலும்

ஆசிரியருக்கு,

பார்வையற்ற இளையோருக்கான கோடை முகாம்களில் பாட்டும் விளையாட்டும் இருக்கட்டும். வெள்ளைக் கோலால் வழியறிந்து நடக்கும் பயிற்சிக்கே அதிக நேரம் வேண்டும். நிமிர்த்தினால் கோல் நெஞ்செலும்பு வரையாவது எட்ட வேண்டும். கோல் பிடித்த கை உடலின் நடுவில் நிற்க, வலது கால் முன்வைக்கையில் கோல்நுனி இடப்புறம் தரையைத் தொட வேண்டும். அடுத்த அடியில் மாறும். வீச்சு தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். கை விலகினால் நடையும் ஒருபக்கம் சாயும். தாளம் தவறினால் (பதற்றத்தில் எல்லாருக்கும் தவறும்) அடுத்த அடி விழும் இடம் சோதிக்கப்படாமல் போகும். தலைமட்டத்தில் நீண்டிருக்கும் கிளையைக் கோல் காட்டாது. அங்கே முகத்துக்கு முன் முன்கையை உயர்த்த வேண்டும்.

கற்றுத் திரும்பும் பிள்ளையை வீட்டார் மறுநாளே கைபிடித்து அழைத்துப்போவதுதான் பெரிய சிக்கல். முகாமின் கடைசி நாளில் பெற்றோரை வரவழைத்து, பிள்ளைக்குப் பத்தடி பின்னால் பேசாமல் நடந்துவரச் சொல்லுங்கள்.

– நடைப் பயிற்றுநர்கள் சிலர்