செயலாளரின் ஆண்டறிக்கை: கூடுதல் மின்கருவிகளும் வண்டி வயரிங்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டின் பெரும்பகுதியை ஒரே வேலைக்கு ஒதுக்கினோம். உறுப்பினர்கள் தங்கள் வண்டிகளில் பின்னர் பொருத்திய விளக்கு, ஹாரன், கேமரா, சார்ஜர் ஆகியவற்றின் வயரிங்கைச் சோதித்துச் சரிசெய்வதே அந்த வேலை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் கண்ட குறை, ஃபியூஸ் இடம் மாறியிருந்ததுதான். விளக்குக்கு அருகே ஃபியூஸை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நீண்ட வயரைக் காப்பில்லாமல் விட்டிருந்தார்கள். ஃபியூஸ் முதலில் காக்க வேண்டியது வயரைத்தான். ஆகவே அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு வண்டியில், எஞ்சின் அறைத் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்திருந்தார்கள். மெல்ல இழுத்துப் பார்த்தபோது உறை தேய்ந்து செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. அவை தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளியிருக்கும். 12 வோல்ட்தானே என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் அந்த வயரை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிப்பதில்லை, ஆனால் வண்டியைக் கொளுத்திவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டிருந்தவர்களும் உண்டு. இதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு 110 வாட்; 12ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் ஒரு ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) போதும். ரிலே இருந்தால் சுவிட்சின் வழியே சிறு மின்னோட்டம்தான் போகும், சுவிட்ச் சூடாகி உருகாது. அதன்பிறகும் ஃபியூஸ் போனால் பழுது வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடத்தான் வேண்டும்.

இணைப்புகளைச் சால்டர் செய்வதா (ஈயத்தை உருக்கி ஒட்டுவது), கிரிம்ப் செய்வதா (உலோக முனையை வயர்மேல் நசுக்கி இறுக்குவது) என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஈயம் ஏறிய வயர் விறைத்து, வண்டியின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடிகிறது. எனவே சரியான கருவியால் செய்த கிரிம்ப்பே நல்லது என்பது என் கருத்து. வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை இரு தரப்பும் ஏற்கவில்லை.

வேலை தொடங்குமுன் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவும், கடைசியாக மாட்டவும் எல்லோருக்கும் பழக்கினோம். ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும். அவற்றில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பைக்கூட வைக்கக் கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி.

வரும் ஆண்டில், நிறுத்திவைத்த வண்டியில் கருவிகள் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்க இருக்கிறோம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் காரணம் தேடப்படும். இதற்கு மல்டிமீட்டர் வேண்டும். வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவக் கோருகிறேன். விடுமுறை நாள்களிலும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்