பூ மார்க்கெட் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நாக்கு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் நடக்கிறார், எங்களைத் திட்டுகிறார். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ விற்கும் அக்காவுக்கு. அப்பாவுக்கு வாய் கோணியதும் சுற்றி நின்றவர்கள் பித்தம் என்றார்களாம், ஒருவர் சோடாவே உடைத்துவிட்டாராம். "புரையேறிடும், வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்று தடுத்தது அக்காதான். மாமியாருக்கு இப்படி வந்தபோது கூட இருந்து பார்த்தவர். இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, வலது கை தொங்கியதும் 108-ஐ அழைக்க வைத்திருக்கிறார். கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸிலும் ஏறிவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வீட்டில் எல்லோரும் தூக்கம். அக்கா சொன்னார்: "அஞ்சே முக்காலுக்கு எங்கிட்ட மல்லிகைக்கு விலை குறைச்சுக் கேட்டார். ஒரு வார்த்தை பிசகல." ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. எங்களைக் கேட்டிருந்தால் முந்தின இரவிலிருந்து எண்ணியிருப்பார்கள். சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஊசி போட்டார்கள். அப்பா பேரம் பேசுவதை அம்மா இனிமேல் குறை சொல்லமாட்டார்.

108 ஊழியர்கள், டாக்டர்கள், செவிலியர்கள், ஸ்கேன் அறையில் வழிவிட்ட குடும்பம், கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்கள், கைக்குப் பயிற்சி தரும் தம்பி, எல்லோருக்கும் நன்றி. புறா ரத்தம் தேய்க்கச் சொன்ன சொந்தக்காரர்களுக்கும் நன்றி, அக்கறைக்கு மட்டும்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததே அங்கே போய்த்தான் தெரிந்தது. தலைவலி, கிறுகிறுப்பு என்று எதுவும் காட்டாமல் ஏறியிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பெரிய காரணம் அதுதான். அதனால் எங்கள் சிம்மக்கல் கடையில் ஒரு பிபி மெஷின் வாங்கி வைத்துவிட்டேன். மார்க்கெட் முடிந்து வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் கையை நீட்டலாம், காசு கிடையாது. டீ, பீடி எல்லாம் முடித்து அரை மணி நேரம் கழித்து வாருங்கள். வந்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பூ வியாபாரிகளுக்கு அதுதான் கஷ்டம். 140-க்கு 90-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிப்பேன்.

அக்கா, நீங்கள்தான் முதல் ஆள்.